ஆள் குறைவா, கடகம் குறைவா, சாக்குக் குறைவா? இலையின் ஒளித்தொகுப்பு வேகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். என்னிடம் வருகிற பிள்ளைகளில் நிறையப் பேர் படுவான்கரைக்காரர், வாவிக்கு மேற்கே உள்ள வயற்கிராமத்துப் பிள்ளைகள். விடிய வயலுக்குப் போய்விட்டு வகுப்புக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஒளித்தொகுப்புப் பாடம் நடந்தால் கேள்வி கரும்பலகையோடு நிற்காது, "சேர், அப்ப எங்கட வெள்ளாமைக்கு?" என்று வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்குப் போய்விடும். லீவில் ஊருக்குப் போனால் பெரியப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் இன்னும் கடினமான கேள்விகளை வைத்திருப்பார்கள். எல்லாக் கேள்வியும் சுற்றிச் சுற்றி ஓரிடத்துக்கே வருகிறது: ஓர் இலை உணவு ஆக்கும் வேகத்துக்கு எல்லை போடுவது எது? அந்தப் பதில்களை இங்கே சேர்த்து எழுதுகிறேன். கலைச்சொற்கள் பெரும்பாலும் நம் பாடப்புத்தகத்தில் உள்ளவைதான்.

வெயில் இப்படிக் கொட்டுகிறதே, அவ்வளவையும் இலை பயன்படுத்தக் கூடாதா?

உறிஞ்சுகிறது, ஆனால் அவ்வளவையும் உணவாக்க முடிவதில்லை. நெல்லின் உச்சி இலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலையில் வெளிச்சம் கூடக் கூட ஒளித்தொகுப்பும் கூடே ஏறும். வெயில் கொஞ்சம் ஏறியதும் அந்த ஏற்றம் தளரத் தொடங்கும். உச்சி வெயிலின் ஏறத்தாழப் பாதி வந்தபோதே அந்த இலை தன் முழு வேகத்துக்குக் கிட்ட வந்துவிடுகிறது. அதற்கு மேல் விழும் ஒளியைப் பெரும்பாலும் வெப்பமாக மாற்றி வெளியே தள்ளும். தள்ளாவிட்டால் அந்தச் சக்தியே இலைக் கலத்துக்குள் ஒளித்தொகுப்பு நடக்கும் பச்சையவுருமணியைப் பழுதாக்கிவிடும்.

ஆகவே பகல் பன்னிரண்டு மணிக்கு நெல்லின் மேல் இலைக்கு வெளிச்சம் குறைவில்லை. குறைவு உள்ளே இருக்கிறது.

உள்ளே என்ன குறைகிறது?

களத்தில் பொலி, அதாவது சூடடித்த நெல், குவிந்து கிடக்கிறது என்று வையுங்கள். அதை அள்ளிக் கட்டி மில்லுக்கு அனுப்ப மூன்று வேண்டும். அள்ள ஆள் வேண்டும். அள்ளுவதற்குக் கடகம் வேண்டும், கொட்டிய கடகம் உடனே திரும்பி வரவும் வேண்டும். கொட்டிக் கட்டச் சாக்கு வேண்டும், மில்லுக்குப் போன சாக்கு வெறுமையாகித் திரும்ப வேண்டும். பத்து ஆள் நின்று மூன்று கடகம் இருந்தால் மூன்று பேருடைய வேலைதான் நடக்கும். கடகம் நிறைய இருந்தும் சாக்கு இல்லையென்றால் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இலைக்குள்ளும் அப்படியே. பொலி என்பது வளியில் இருந்து வந்த காபனீரொட்சைட்டு. ஆள் என்பது ரூபிஸ்கோ என்ற நொதியம், அதாவது தாக்கத்தை நடத்தும் புரதம். கடகம் என்பது காபனீரொட்சைட்டை ஏற்றுக்கொள்ளும் ஐந்து காபன் சேர்வை, ரிபுலோசு இருபொசுபேற்று. சாக்கு என்பது பொசுபேற்று. எந்தக் கணத்திலும் இந்த மூன்றில் எது மிகவும் மெதுவாக நடக்கிறதோ அதுதான் இலையின் வேகம். மற்ற இரண்டும் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் அந்தக் கணத்தில் பிரயோசனமில்லை.

இந்தப் பக்கத்தில் நான் சொல்ல நினைப்பதும் இதுதான். எது தட்டுப்பாடு என்று பார்க்காமல் எதையும் அள்ளிப் போடாதீர்கள்.

இப்படி மூன்றாகப் பிரித்துப் பார்த்தது யார்?

அவுஸ்திரேலியாவின் கன்பராவில் இருந்த கிரகாம் ஃபார்குவர், சூசன்னே வொன் கேமரர், கலிபோர்னியாவில் இருந்த ஜோசப் பெரி ஆகிய மூவரும் 1980 இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் முதல் இரண்டு எல்லைகளும் கணிதச் சமன்பாடாக வந்தன: ரூபிஸ்கோவின் வேகம், ஐந்து காபன் சேர்வை மீண்டும் உருவாகும் வேகம். மூன்றாவதான பொசுபேற்று எல்லையை 1985 இல் தோமஸ் ஷார்க்கி சேர்த்தார். ஃபார்குவருக்கு 2017 இல் கியோட்டோ பரிசு கிடைத்தது. இன்றைக்குப் பூமியின் காலநிலையைக் கணிக்கிற பெரிய கணினி மாதிரிகளில் காடுகளும் வயல்களும் எவ்வளவு காபனை இழுக்கின்றன என்று கணக்குப் பார்ப்பதும் பெரும்பாலும் இந்தச் சமன்பாடுகளை வைத்துத்தான். ஒரு தனி இலைக்கு எழுதிய கணக்கு முழு உலகத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது எனக்கு இப்பவும் உடம்பு சிலிர்க்கும்.

ரூபிஸ்கோ ஏன் இவ்வளவு மெதுவானது?

சாதாரண நொதியம் ஒன்று ஒரு செக்கனில் நூறு, ஆயிரம் என்று தாக்கங்களை முடித்துவிடும். நெல் போன்ற தாவரத்தின் ரூபிஸ்கோவில் ஒரு பிடிதானம் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ மூன்று காபனீரொட்சைட்டு மூலக்கூறுகளைத்தான் பிடிக்கும். ஆள் மெதுவென்றால் என்ன செய்வோம்? கூட ஆள் பிடிப்போம். தாவரமும் அதைத்தான் செய்கிறது. பல தாவரங்களின் இலையில் கரையக்கூடிய புரதத்தில் பாதிவரை இந்த ஒரு நொதியமே இருக்கும். நெல் இலையில் உள்ள நைதரசனில் ஏறத்தாழக் காற்பங்கு இதற்குள் அடங்கியிருக்கிறது. பூமியில் மிக அதிகமாக உள்ள புரதங்களில் இது ஒன்று. அந்த மிகுதிக்குக் காரணம் அதன் வேகக் குறைவு.

ஒட்சிசனையும் பிடிக்குமாமே?

ஆம். இந்தப் பாடத்திலேயே பிள்ளைகள் அதிகம் இடறுகிற இடம் இது, ஆறுதலாக வாசியுங்கள்.

ரூபிஸ்கோவுக்குக் காபனீரொட்சைட்டையும் ஒட்சிசனையும் சரியாகப் பிரித்தறியத் தெரியாது. காரணம் பழையது. வளியில் ஒட்சிசன் சேரத் தொடங்கி ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகள். ரூபிஸ்கோ அதற்கும் முந்தியது. அது தோன்றிய காலத்தில் ஒட்சிசனைத் தவிர்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. இன்றோ வளியில் 21 சதவீதம் ஒட்சிசன். காபனீரொட்சைட்டு பத்து இலட்சம் பங்கில் 420 பங்கு அளவில்தான். இலைக்குள் போகும்போது அதுவும் குறைந்துவிடும். நெல் இலையின் உள் வளியிடைவெளியில் வெளியில் இருப்பதன் ஏறத்தாழ 70 சதவீதமே இருக்கும்.

இவ்வளவு ஒட்சிசனுக்கு நடுவில் நின்றும் மூன்று நாலு தடவை சரியாகக் காபனீரொட்சைட்டைப் பிடித்து, ஒரு தடவைதான் ஒட்சிசனைப் பிடிக்கிறது. அதைப் பார்த்தால் ரூபிஸ்கோ அவ்வளவு மோசமும் இல்லை. ஆனால் அந்த ஒரு தடவைக்கு விலை உண்டு. ஒட்சிசனைப் பிடித்தால் இரண்டு காபன் கொண்ட ஒரு சேர்வை உண்டாகும். அது, பிடித்த காபனீரொட்சைட்டை வெல்லமாக்கும் கல்வின் வட்டத்துக்குள் நேரே போக முடியாத பொருள். அதைத் திருத்தி எடுக்கப் பச்சையவுருமணி, பெரொட்சிசோம், இழைமணி என்ற மூன்று புன்னங்கங்கள் (கலத்தின் உள்ளுறுப்புகள்) சேர்ந்து வேலை செய்ய வேண்டும். சக்தி செலவாகும். இப்படி இரண்டு தடவை நடந்தால் முன்பு பிடித்த ஒரு காபனீரொட்சைட்டு வெளியே போய்விடும். இதுதான் ஒளிச்சுவாசம். நெல், கச்சான், மரவள்ளி, தென்னை எல்லாவற்றிலும் இது நடக்கிறது. கச்சான் என்று இங்கே நான் சொல்வது நிலக்கடலையை. கச்சான் காற்று பிறகு வரும்.

வெக்கை கூடினால் என்ன ஆகும்?

ஒளிச்சுவாசம் கூடும். இரண்டு காரணம். வெப்பம் ஏற ஏற நீரில் காபனீரொட்சைட்டு கரையும் அளவு ஒட்சிசனை விட வேகமாகக் குறைகிறது. ரூபிஸ்கோவின் பிரித்தறியும் திறனும் தளர்கிறது. இரண்டும் ஒரே பக்கமாக இழுக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. ரூபிஸ்கோ வேலை செய்துகொண்டே இருந்தால் அதன் பிடிதானத்தில் சில வெல்லப் பொசுபேற்றுகள் போய்ச் சிக்கிக்கொள்ளும். அதை எடுத்துவிட ஒரு துணைப் புரதம் இருக்கிறது, ரூபிஸ்கோ அக்டிவேசு என்று பெயர். ரூபிஸ்கோ 40 பாகை செல்சியசையும் தாங்கும். ஆனால் இந்தத் துணைப் புரதம் அதற்கு முன்பே குழம்பத் தொடங்கிவிடும். ஆள் வரிசையாக நிற்கிறார்கள், ஆனால் கையில் முள் ஏறியிருக்கிறது, எடுத்துவிட ஒருவரும் இல்லை. வெயிற்கால நெற்செய்கையான சிறுபோகத்தில் உச்சிப் பொழுதில் நடப்பது இதற்குக் கிட்டத்தட்ட இப்படித்தான்.

சோளனும் கரும்பும் மட்டும் எப்படி வெயிலுக்கு அசையாமல் நிற்கின்றன?

அம்பாறையில் ஹிங்குரானைப் பக்கம் கரும்புத் தோட்டத்தை மத்தியானம் இரண்டு மணிக்குப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பதிலும் கரும்பில் இருந்தே வந்தது. ஹவாயில் கரும்பை ஆராய்ந்தவர்கள் முதலில் உருவாகும் சேர்வையில் மூன்று காபனுக்குப் பதில் நாலு காபன் இருப்பதைக் கண்டார்கள். அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஹல் ஹட்ச், ரொஜர் ஸ்லாக் இருவரும் 1966 இல் அந்தப் பாதையைத் தெளிவாக்கினார்கள். நாம் நாற்காபன் தாவரம் என்று படிப்பது அதைத்தான்.

அவற்றின் இலையில் வேலை இரண்டு அறையாகப் பிரிந்திருக்கிறது. வெளியே உள்ள இலைநடுவிழையக் கலங்களில் வேறொரு நொதியம் காபனீரொட்சைட்டைப் பிடிக்கிறது. அதற்கு ஒட்சிசன் மேல் நாட்டமே இல்லை. பிடித்ததை நாலு காபன் அமிலமாக்கி உள்ளே நரம்பைச் சுற்றியுள்ள கட்டுமடற் கலங்களுக்கு அனுப்புகிறது. அங்கே காபனீரொட்சைட்டு மீண்டும் விடுபடும். ரூபிஸ்கோ இருப்பது அந்த உள்ளறையில்தான். அதைச் சுற்றிக் காபனீரொட்சைட்டு வெளி வளியை விடப் பல மடங்கு நெருக்கமாக இருப்பதால் ஒட்சிசனுக்கு இடம் கிடைப்பதில்லை, ஒளிச்சுவாசம் ஏறத்தாழ இல்லாமலே போகிறது. குறைந்த ரூபிஸ்கோவோடு கூடிய வேகம். வளி போய்வரும் நுண்துளையான இலைவாயை அகலத் திறக்கவும் தேவையில்லை, அதனால் தண்ணீரும் மிச்சம். உச்சி வெயிலிலும் சோளன் இலையின் வேகம் ஏறிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு காபனீரொட்சைட்டையும் உள்ளறைக்கு ஏற்றி இறக்க, சக்தியைச் சுமக்கும் ஏ.ரி.பி. மூலக்கூறு இரண்டு மேலதிகமாகச் செலவாகும். குளிரான, நிழலான இடங்களில் அந்தச் செலவு கட்டாது. நம்முடைய வெக்கையில் கட்டும்.

பெரியப்பாவுக்கு இதைச் சொன்னபோது அவர் உடனே கேட்டது: "அப்ப நெற்சப்பி?" சரியாகப் பிடித்தார். நெற்சப்பியும் கோரையும் நாற்காபன் தாவரங்கள். நெல்லோ மூன்று காபன் தாவரம். ஒரே பாத்தியில், ஒரே வெயிலில், ஒரே யூரியாவில் நெல்லை முந்திக்கொண்டு களை ஏறுவதற்கு இது ஒரு பெரிய காரணம். விதைத்து முதல் சில கிழமைக்குள் களையைக் கட்டுப்படுத்தாவிட்டால் பிறகு எவ்வளவு பசளை போட்டாலும் நல்ல பங்கு களைக்கே போகும்.

அன்னாசி, கற்றாழை, கள்ளி?

அவை இரவில் இலைவாயைத் திறந்து காபனீரொட்சைட்டை அமிலமாகச் சேமித்து, பகலில் இலைவாயை மூடிக்கொண்டு அதை ரூபிஸ்கோவுக்குக் கொடுக்கும். தண்ணீர் மிகவும் மிச்சம். ஆனால் ஓர் இரவில் சேமிக்கக்கூடிய அளவுக்கு எல்லை இருப்பதால் வளர்ச்சி பொதுவாக மெதுவு.

யூரியா போட்டதும் பயிர் கறுத்துப் பச்சையாவது ஏன்? அப்ப நிறையப் போட்டால் நிறைய விளையுமா?

யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். இலைக்குள் போன நைதரசனில் பெரும் பங்கு பச்சையவுருமணிக்குள் ரூபிஸ்கோவாகவும் பச்சையத்தோடு சேர்ந்த புரதங்களாகவும் மாறுகிறது. நாம் கண்ணால் காண்பது பச்சையத்தை. ஆனால் அதோடு சேர்ந்து ஆள் எண்ணிக்கையும் கூடியிருக்கும். ஆகவே ஆள் தட்டுப்பாடாக இருக்கும் வயலில் யூரியா உண்மையாகவே வேலை செய்யும்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்து நவம்பரில் நீங்கியது நினைவிருக்கும். அந்தப் பெரும்போகத்தில் பசளை நேரத்துக்குக் கிடைக்காத வயல்களை நான் நடந்து பார்த்தேன். அடி இலை முதலில் மஞ்சளாகி, மேல் இலை வெளுத்து நின்றது. நைதரசன் போதாதபோது தாவரம் முதிர்ந்த இலையின் ரூபிஸ்கோவை உடைத்து அந்த நைதரசனை இளம் இலைக்கும் கதிருக்கும் அனுப்பும். அந்த மஞ்சள் நிறம் ஆள் கலைந்து போவதன் அடையாளம். வெயில் இருந்தது, தண்ணீர் இருந்தது, அள்ள ஆள் இல்லை. வட்டை முழுக்க அப்படி நின்றதைப் பார்த்த துக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

இனி மறுபக்கம். போதுமான நைதரசன் உள்ள இலைக்கு மேலும் கொடுத்தால் ரூபிஸ்கோ கூடும், வேகம் அந்த அளவுக்குக் கூடாது. தட்டுப்பாடு கடகத்துக்கோ காபனீரொட்சைட்டுக்கோ மாறிவிட்டிருக்கும். மிஞ்சிய ரூபிஸ்கோவில் ஒரு பகுதி சும்மா நிற்கும். இலை மென்மையாகி எரிபந்த நோயும் அறக்கொட்டியான் பூச்சியும் சுகமாக வரும், தாள் நீண்டு பயிர் சாயும். அதனால்தான் இலை நிற அட்டையைப் பிடித்துப் பார்த்து யூரியாவைப் பிரித்துப் போடச் சொல்கிறார்கள். நெல் இலையின் நிறத்தை அட்டையில் உள்ள பச்சைகளோடு ஒப்பிடுவதுதான் அது. மலிவான சாமான். ஆள் போதுமா என்று கேட்க இதைவிட எளிய வழி வயலில் இல்லை.

பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் இதில் வித்தியாசம் உண்டா?

உண்டு. என்னைக் கேட்டால் நம் பகுதிக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான்.

பெரும்போகத்தில், மார்கழியில் வாடைக் காற்றோடு நாள் கணக்காக மூடிக் கிடக்கும் வானத்தை நினையுங்கள். அடர்ந்த முகில் நின்றால் இலைக்குக் கிடைப்பது முழு வெயிலின் காற்பங்கும் இல்லை. அந்த நாளில் ரூபிஸ்கோ நிறைய நிற்கிறது, தண்ணீரும் நிறைய நிற்கிறது. கடகம் திரும்பி வருவதில்லை. ஏன்? கல்வின் வட்டத்தில் மூன்று காபனீரொட்சைட்டு உள்ளே வந்தால் ஆறு மூவோசு பொசுபேற்று (மூன்று காபன் வெல்லம்) உருவாகும். அந்த ஆறில் ஐந்து மீண்டும் கடகம் முடையவே போய்விடும், ஒன்றுதான் இலாபம். இதற்கு ஒன்பது ஏ.ரி.பி.யும் ஆறு தாழ்த்திய என்.ஏ.டி.பி.யும் வேண்டும். இரண்டும் ஒளியில் இருந்து வருபவை. ஒளி இல்லாத இடத்தில் கடகம் இல்லை. அந்த நாட்களில் "பயிர் வெளுத்த மாதிரி இருக்கு" என்று யூரியாவைக் கூட்டிப் போடுவது கடகம் இல்லாத களத்துக்கு மேலும் பத்து ஆளைக் கூப்பிடுவதுதான்.

சிறுபோகத்தில் நிலைமை தலைகீழ். ஆனி, ஆடியில் வானம் வெறிச்சென்று இருக்கும். ஒளி நிறைய, அதனால் கடகமும் நிறைய. தட்டுப்பாடு ரூபிஸ்கோவிலும் அதற்குக் கிடைக்கிற காபனீரொட்சைட்டிலும்தான். அந்த போகத்தில் தண்ணீர் நிச்சயமாக உள்ள வயலில், உன்னிச்சை, நவகிரி, சேனாநாயக்க சமுத்திரம் போன்ற குளங்களின் கீழே, நேரத்துக்குப் போட்ட நைதரசன் தன் முழுப் பலனையும் காட்டும்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. இது மேல் இலையின் கதை. பயிர் நெருங்கி அடர்ந்த பிறகு அடி இலைகள் எந்தப் போகத்திலும் நிழலில்தான். அவற்றுக்கு எப்போதும் ஒளியே தட்டுப்பாடு. நிமிர்ந்த இலையுள்ள நெல்லினங்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதுவே: மேல் இலைக்கு மிஞ்சுகிற வெளிச்சம் கீழே இறங்கட்டும் என்று.

சாக்கு என்று சொன்ன பொசுபேற்று எப்போது தட்டுப்படும்? ரி.எஸ்.பி. என்ற பொசுபரசுப் பசளை போட்டால் தீருமா?

மூவோசு பொசுபேற்று பச்சையவுருமணியை விட்டு வெளியே போகும்போது அதற்குப் பதில் ஒரு பொசுபேற்று உள்ளே வர வேண்டும். வெளியே சுக்குரோசு செய்யும்போது பொசுபேற்று விடுபடும், அது திரும்பி வரும். உள்ளே மாப்பொருள் செய்தாலும் விடுபடும். இந்த இரண்டும் மெதுவானால் பொசுபேற்று முழுக்க வெல்லத்தோடு கட்டுண்டு கிடக்கும். ஏ.ரி.பி. செய்யக்கூடப் பொசுபேற்று மிஞ்சாது. அந்த நிலையில் உள்ள இலைக்குக் காபனீரொட்சைட்டைக் கூட்டினாலும் வேகம் அசையாது. ஒட்சிசனைக் குறைத்தாலும் அசையாது. ஆய்வாளர்கள் இந்த எல்லையைக் கண்டுபிடிப்பது அந்த அசையாமையை வைத்துத்தான்.

குளிரில் இது அடிக்கடி வரும், ஏனென்றால் சுக்குரோசு செய்யும் நொதியங்கள் குளிரில் மிகவும் மந்தமாகிவிடும். நம் பக்கத்தில் அவ்வளவு குளிர் இல்லை. இங்கே இது எட்டிப் பார்ப்பது வெல்லத்தை வாங்க இடமில்லாதபோது. கதிர் பழுதாகி மணி பிடிக்காத நெல்லில் இலை பச்சையாகவே நின்றும் வேலை குறைந்துபோகும். மில் மூடிக் கிடந்தால் சாக்கு எப்படித் திரும்பும்?

ரி.எஸ்.பி. இதற்கு நேரடி மருந்து அல்ல. மண்ணில் பொசுபரசு குறைந்த வயலுக்கு அது வேண்டும், வேர் விடவும் மட்டம் வெடிக்கவும் (பக்கத் தண்டு விடவும்) வேண்டும். ஆனால் இலைக்குள் பொசுபேற்று கட்டுண்டு கிடப்பது மண்ணில் பொசுபரசு இல்லாததால் அல்ல. இரண்டும் வேறு வேறு விடயம்.

கச்சான் காற்று அடிக்கும்போது பதினொரு மணிக்கே இலை சுருள்கிறது. இதுவும் அந்த மூன்றில் ஒன்றா?

இது நாலாவது, வாசற்கதவு. பொலி களத்துக்கே வரவில்லை என்பது மாதிரி. நெல் ஒரு காபனீரொட்சைட்டு மூலக்கூறை உள்ளே எடுக்கச் சில நூறு நீர் மூலக்கூறுகளை ஆவியாக விட்டுவிடுகிறது. காய்ந்த மேல்காற்று அடித்தால் அந்த இழப்பு இன்னும் ஏறும். வேர் அனுப்பும் வேகத்தை இழப்பு முந்தினால் இலைவாய் ஒடுங்கும், இலை சுருளும். உள்ளே காபனீரொட்சைட்டு இறங்கும், ஒட்சிசன் அப்படியே இருக்கும், ஒளிச்சுவாசத்தின் பங்கு கூடும். இலைவாயால் ஆவி போகாததால் இலை சூடாகும், அக்டிவேசும் குழம்பும். ஒன்று தொடங்கி மற்றதையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் வெளியில் இருந்து பார்த்து இது கதவுக் கோளாறா உள்கோளாறா என்று சொல்வது கடினம்.

வித்தியாசம் காண வழி உண்டு. உயிருள்ள இலையை ஒரு சிறு கண்ணாடி அறைக்குள் கவ்வி, உள்ளே காபனீரொட்சைட்டைப் படிப்படியாகக் கூட்டி ஒளித்தொகுப்பை அளப்பார்கள். இலைவாயின் பங்கைக் கணக்கால் கழித்து, இலையின் உள்ளே உள்ள காபனீரொட்சைட்டுக்கு எதிராக வரைபு வரைவார்கள். வரைபின் செங்குத்தான தொடக்கம் ரூபிஸ்கோ. அது வளைந்து மெதுவாக ஏறும் பகுதி கடகம். தட்டையாகிவிட்டால் சாக்கு. ஒரு தாளில் மூன்றும் தெரியும். இதைப் போல அழகான வரைபு எங்கள் பாடத்தில் வேறில்லை.

வாவிக் கரை வயலில் உப்பு ஏறினால்?

முதலில் வேர் தண்ணீர் இழுக்கச் சிரமப்படும், இலைவாய் ஒடுங்கும். இது சில நாளிலேயே தெரியும். பிறகு சோடியம் இலையில் சேர்ந்து நொதியங்களையும் பச்சையத்தையும் கெடுக்கும். முதல் கட்டத்தில் நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவினால் பயிர் மீளும். இரண்டாம் கட்டத்தில் அந்த இலை திரும்பாது. வாவியோரக் கண்டல்களும் நெல் போல மூன்று காபன் தாவரங்கள்தான். அவற்றில் சில உப்பை வேரிலேயே தடுக்கின்றன, சில இலையால் கக்குகின்றன. ரூபிஸ்கோ ஒன்றுதான், அதை உப்பில் இருந்து காக்கும் ஏற்பாடுதான் வேறு.

வளியில் காபனீரொட்சைட்டு கூடுகிறதே, நெல்லுக்கு நல்லதுதானே?

கைத்தொழிற் புரட்சிக்கு முன் பத்து இலட்சத்தில் 280 பங்கு. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. மூன்று காபன் தாவரத்தின் ரூபிஸ்கோவுக்கு இது உதவிதான்: பிடிக்கக் கூடப் பொருள், ஒட்சிசனுக்குக் குறைந்த இடம். திறந்த வயலில் காபனீரொட்சைட்டைக் குழாயால் விட்டு யப்பானிலும் சீனாவிலும் நெல்லில் செய்த பரிசோதனைகளில் விளைச்சல் கூடியது உண்மை. ஆனால் கணக்கு எதிர்பார்த்த அளவுக்குக் கூடவில்லை. ஆள் தட்டுப்பாடு தீர்ந்ததும் கடகத் தட்டுப்பாடு தொடங்கிவிடுகிறது. கதிர் வாங்கும் அளவும் நைதரசனும் போதாவிட்டால் இலை தன் ரூபிஸ்கோவையே குறைத்துக்கொள்கிறது. அரிசியில் புரதம், இரும்பு, நாகம் குறைவதும் பதிவாகியிருக்கிறது.

அதோடு காபனீரொட்சைட்டு தனியே வருவதில்லை, வெக்கையையும் கூட்டி வருகிறது. நெல் பூக்கும் மணித்தியாலத்தில் 35 பாகைக்கு மேல் போனால் மகரந்தம் பழுதாகிப் பதர் கூடும். பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயலில், வரண்ட போகத்தில் இரவு வெப்பநிலை ஒரு பாகை கூடும்போது விளைச்சல் ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்ததை 2004 இல் வெளியிட்டார்கள். இலை பகலில் எவ்வளவு உழைத்தாலும் இரவுச் சுவாசத்தில் போவது போய்விடும். எனக்கு இதில் நம்பிக்கையை விடக் கவலையே கூட.

இந்த எல்லைகளை மாற்ற முடியுமா?

முயற்சி நடக்கிறது. நெல்லை நாற்காபன் தாவரமாக்கும் பெரிய திட்டம் ஒன்று 2008, 2009 அளவில் தொடங்கியது. நொதியங்களைப் புகுத்துவதை விட இலையின் அமைப்பை மாற்றுவது கடினம் என்று அதில் தெரியவந்தது. அமெரிக்காவில் புகையிலையை மாதிரித் தாவரமாக வைத்து இரண்டு வேலைகள் நடந்தன. முகில் வந்து நிழல் விழுந்த பிறகும் இலை ஒளியை வெப்பமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும் பழக்கத்தை விரைவாக நிறுத்த வைத்தபோது வளர்ச்சி ஏறத்தாழ 15 சதவீதம் கூடியது, இது 2016. ஒளிச்சுவாசத்துக்குக் குறுக்குப் பாதை போட்டபோது 40 சதவீதம் வரை கூடியது, இது 2019. புகையிலை உணவுப் பயிர் அல்ல. இலை கூடுவதும் மணி கூடுவதும் ஒன்றல்ல. இருந்தாலும் கோடிக்கணக்கான ஆண்டு பழைய இறுக்கத்தைக் கை வைத்துத் தளர்த்தலாம் என்று காட்டியது சின்ன விடயமில்லை.

பரீட்சைக்கு எல்லைப்படுத்தும் காரணி என்று படிப்பதும் இதுவும் ஒன்றா?

ஒரே கருத்தின் இரண்டு ஆழம். பிரித்தானியத் தாவரவியலாளர் பிளாக்மன் 1905 இல் சொன்னது வெளியில் உள்ள காரணிகளை: ஒளி, காபனீரொட்சைட்டு, வெப்பநிலை. எது குறைவோ அது வேகத்தைத் தீர்மானிக்கும் என்றார். மேலே சொன்னது அந்தக் காரணிகள் இலைக்குள் எந்தப் படியைத் தொடுகின்றன என்பது. பரீட்சையில் வரைபு தட்டையாகும் இடத்தில் "ஒளி போதுமாகிவிட்டது" என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், இப்போது எது எல்லை என்றும் எழுதுங்கள்.

வீட்டில் செய்து பார்க்க ஏதாவது?

குளத்தில் இருந்து ஐதரிலா ஒரு கொடி எடுத்து வாருங்கள். அது நீர்த்தாவரம், நிலத்தாவரம் அல்ல, ஆனால் தட்டுப்பாடு மாறுவதைக் கண்ணால் காண இதைவிட நல்லது கிடைக்காது. தண்டைப் புதிதாக நறுக்கி, வெட்டு முகம் மேலே இருக்க, கண்ணாடிப் போத்தல் தண்ணீரில் அமிழ்த்துங்கள். இருட்டறையில் எல்.ஈ.டி. விளக்கைத் தூர வைத்து ஒரு நிமிடத்தில் எத்தனை குமிழ் என்று எண்ணுங்கள். விளக்கைப் படிப்படியாகக் கிட்டக் கொண்டு வாருங்கள், ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம் பொறுத்து எண்ணுங்கள். எண்ணிக்கை ஏறும், பிறகு ஓரிடத்தில் நின்றுவிடும். விளக்கை இன்னும் கிட்ட வைத்தாலும் ஏறாது. அந்த இடத்தில் விளக்கை அசைக்காமல், தண்ணீருக்குக் காபனீரொட்சைட்டு கொடுக்கும் அப்பச்சோடா ஒரு சிட்டிகை போட்டுக் கரைத்துவிட்டு மறுபடி எண்ணுங்கள். நின்றுபோன குமிழ் மீண்டும் வேகமெடுக்கும்.